கேள்வி கேட்டவள்

"எம் பேரு எங்க?" என்று அவள் கேட்டாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துத் தன் படத்தைக் கடைசி முறையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணவன், காதில் விழாதவன்போல ஒலியைக் கூட்டினான்.

அன்று மாலை அந்தப் படத்துக்குத் திரையிடல். அந்தக் காலத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க நேரம் கேட்டு, நூற்பாலையில் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்த பெண்களைப் பற்றிய ஆவணப்படம். தொழிற்சங்கத்தின் வரலாற்றில் ஆண்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு, போராடிய பெண்களை விட்டுவிட்டார்களே என்று படம் முழுக்கக் கொதிக்கிறது. ‘விட்டுப்போன பெயர்கள்’ என்பதுதான் தலைப்பே. படத்தின் முடிவில் கேமராக்காரர், ஒலிப்பதிவாளர், வண்டி ஓட்டியவர், மின்விசிறி இரவல் கொடுத்த புண்ணியவான் என்று ஒருவர் விடாமல் பெயர் ஓடுகிறது. அவள் பெயர் மட்டும் இல்லை.

நமக்குள் என்ன பேர் வேண்டிக்கிடக்கிறது, பெண்டாட்டி பேரைப் போட்டால் குடும்பப் படம் என்று நாலு பேர் கேலி செய்வார்கள் என்றான் அவன். நியாயம்தானே, நாலு பேர் கேலி செய்தால் பெண் விடுதலை என்னாவது!

கேமராவைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டவர்கள் அந்த நூற்பாலைப் பெண்கள். அவன் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்பதோடு சரி. அவள்தான் கூட உட்கார்ந்து வெங்காயம் உரித்து, பேரப்பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். பால் கட்டிய மார்போடு இயந்திரத்தின் முன்னால் நின்ற வேதனையை ஓர் ஆம்பளையிடம் எவள் சொல்லுவாள்? படத்தொகுப்பில் அவள் குரலை ஓரிடம் பாக்கியில்லாமல் வெட்டியாயிற்று. கேள்வி கேட்பவர் குரலை எடுத்துவிடுவது தொழில் வழக்கமாம்.

மாலையில் படம் முடிந்து கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, இவர்களை எப்படி இவ்வளவு மனம்விட்டுப் பேசவைத்தீர்கள் என்று கேட்டாள். தானும் ஒரு பெண்ணாகவே மாறிக் கேட்டதாக அவன் கூசாமல் சொன்னான். அந்தக் கல்லூரிப் பெண் உட்காருவதாக இல்லை.

"ஒரு அம்மா அழுதுகிட்டே, 'நீயும் புள்ள பெத்தவதானே, உனக்குத் தெரியாதா'ன்னு சொல்றாங்களே சார். யாரைச் சொல்றாங்க?"

அரங்கம் சிரித்தது. கேள்வியை வெட்டத் தெரிந்தவனுக்கு அந்தப் பதிலை வெட்ட மனம் வரவில்லை. படத்திலேயே உருக்கமான இடம் அதுதான். இப்போது மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றான்.

கடைசி வரிசையில் அவன் மனைவி எழுந்தாள்.

"என்னைத்தான் சொல்றாங்க. கேட்டதெல்லாம் நான்" என்றவள், தன் பெயரையும் சொன்னாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. ஆள் லேசுப்பட்டவனா? முதலில் தட்டியவனே அவன்தான். தன் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் பெண் இவள்தான் என்று மைக்கில் உருகியும் காட்டினான். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே படத்தைத் திருத்திவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். எல்லாருடைய பெயரும் போன பிறகு, ‘என் அன்பு மனைவிக்கு நன்றி’ என்ற வரி பூப்போட்ட எழுத்தில் நகர்ந்து மறைந்தது.

"இப்ப திருப்தியா? அடுத்த வாரம் செங்கல் சூளைப் பொம்பளைங்களப் பாக்கப் போறோம். என்ன கேக்கணும்னு யோசிச்சு வை" என்றான்.

அவள் மடிக்கணினியை அவன் பக்கமாகவே திருப்பி வைத்தாள்.

"உங்க அன்பு மனைவியவே கூட்டிட்டுப் போங்க. கேள்வி கேக்கறவ வரல."