ஒயர் வழியாகப் போகிற சத்தம்

பல் செட் செய்கிறவருக்குப் பொறுமை ஜாஸ்தி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நம்ம ஆள் பகலெல்லாம் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை மயிரிழை மயிரிழையாக ராவுகிறவர்தான். வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டால் ஆளே வேறு. அங்கே இரண்டு ரெக்கார்ட் பிளேயர், நடுவில் இரண்டு சத்தத்தையும் கலக்க ஒரு மிக்ஸர், சுவர் மறைய இசைத்தட்டுகள். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை அதே தாளத்துக்கு இழுத்து வந்து, ஒட்டுப்போட்டது தெரியாமல் சேர்ப்பார். பதினோரு வருஷமாகச் சேர்க்கிறார். கேட்டது அந்த நாலு சுவர்தான்.

அவர் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு நாள் பொங்கிவிட்டாள்.

"நாலு பேர் கேக்கற மாதிரி வெளிய போய்ப் போடுங்க. இல்லைன்னா இதையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல ஏத்துங்க. என் தையல் மிஷினுக்கு இடம் வேணும்."

அவரும் ரோஷத்தில் சரி என்றுவிட்டார். ஸ்கேட்டிங் அரங்கில் சனிக்கிழமை மதியம் பாட்டுப் போட ஆள் தேடினார்கள். அது கிடைக்காவிட்டால் பரண்தான், பேச்சு மாறமாட்டேன் என்றார்.

அரங்கத்து மேனேஜரம்மா கறார். "ஒரு மணி நேரம், நடுவுல நிறுத்தாம போட்டு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள. கம்ப்யூட்டரே ஒட்டிக் குடுக்கறது எனக்கு வேண்டாம், கையால போட்டதா இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை எடுத்தது, சத்தம் அளவு மீறி, மிக்ஸரின் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்க் கரகரவென்று கிழிந்தது. மதியம் எடுத்தது, ஐம்பதாவது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அணைந்து மறுபடி எழுந்தது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. மணி மூன்றே முக்கால். இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் இங்க உக்காரலாமா? வாயைப் பொத்திக்கணுமா?"

"தாராளமா பேசு" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி. "மிக்ஸர்லேருந்து ஒயர் நேரா கம்ப்யூட்டருக்குப் போகுது. நீ குய்யோ முறையோன்னு கத்தினாலும் அதுல ஏறாது."

அவ்வளவுதான், அவள் பேசினாள். பேசினாள் என்றால் அப்படியொரு பேச்சு. அக்கம்பக்கம், தன் அக்கா வீடு, எல்லாம் முடிந்து மேனேஜரிடம் வந்தாள். "அந்தம்மா சிரிச்சு யாராவது பாத்திருக்காங்களா? கீழ விழுந்த பிள்ளையைக்கூட டிக்கெட் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் தூக்குமாம்!" இவரும் கெக்கெக்கேயென்று சிரித்தார்.

நாற்பத்தொன்றாவது நிமிஷம். அடுத்த பாட்டை உள்ளே விடக் கை போனது.

"இருங்க, இருங்க! வண்டி இன்னும் வேகம் பிடிக்கல. அதுக்குள்ள கியரை மாத்தறீங்களே!"

"உனக்கென்ன தெரியும்?" என்றார். ஆனாலும் கை நின்றுவிட்டது.

"இப்ப விடுங்க!"

விட்டார். இரண்டு பாட்டும் கைகோத்துக்கொண்டு போனபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் காலை நீட்டிக்கொண்டு, போட்டதைக் கேட்க ஆரம்பித்தார். முதலில் முள் கரகரத்தது. அடுத்து அவருடைய குரலே வந்தது: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை அவள் தன் அக்காவோடு முகம் பார்த்துப் பேசத் திரையின் மேலிருக்கும் கேமரா மைக்கைப் போட்டிருந்தாள். மதியம் அணைந்து எழுந்த கம்ப்யூட்டர் மறுபடி அந்த மைக்கிலேயே காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. திரையில் அலை ஓடுவதைப் பார்த்துவிட்டு, எதிலிருந்து ஏறுகிறது என்று இவர் பார்க்கவேயில்லை. ஒயர் சும்மா அழகுக்குத் தொங்கியிருக்கிறது. அக்கா வீட்டுச் சமாசாரம், மேனேஜரின் சிரிப்பு, விழுந்த பிள்ளை, டிக்கெட், எல்லாம் கணீரென்று பதிவாகி, மேனேஜருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஐயையோ!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

அவர் எழுந்தார். ஒயரைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. "விடுங்க. மிஷினை நான் ஹால்லயே போட்டுக்கறேன்" என்றாள்.

"இல்ல, சொன்னா சொன்னதுதான்" என்றார் அவர்.

ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. அவர் எடுக்கவில்லை, அவள்தான் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எனக்குப் பதினாலு பேர் அனுப்பினாங்க" என்றது மேனேஜரம்மாவின் குரல். "எல்லாம் வழவழன்னு இருக்கு. கை போட்டதா, கம்ப்யூட்டர் போட்டதான்னு எனக்கே தெரியல. உங்களுதுல தட்டு மாத்தற சத்தம், மூச்சு வாங்கறது, எண்ணறது எல்லாம் கேக்குது. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்துடுங்க."

இவர் சுருட்டிய ஒயரோடு ஃபோன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு கண்டிஷன். நாப்பத்தொண்ணாவது நிமிஷத்துல 'இருங்க'ன்னு சொன்னாங்களே, அவங்களையும் கூட்டிட்டு வரணும். அந்த ஒரு மணி நேரத்துல அதுதான் ஒசந்த இடம். அவங்க சொல்லலைன்னா நீங்க கெடுத்திருப்பீங்க."

"சரிங்க மேடம்" என்றார் ஒருவழியாக.

"அவங்ககிட்ட டிக்கெட் கேக்க மாட்டேன்னும் சொல்லிடுங்க."

ஃபோன் வைப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் யாரோ சிரித்தது இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

அவர் சுருட்டிய ஒயரை அவிழ்த்தார். ஹாலுக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மிக்ஸருக்குப் பக்கத்தில் போட்டார். பதினோரு வருஷமாக அந்த அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது.

"உக்காரு" என்றார். "எப்ப விடணும்னு சொல்லு."