அன்றைக்கு பெல் அடித்ததா

பொன்னுரங்கம் ஐயா பெல்லை என் ரிப்பேர் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். பக்கவாதத்தில் பேச்சுப் போன அவர் மனைவி பொன்னியம்மாள், கட்டிலில் கட்டியிருந்த இந்த பெல்லின் பட்டனை அழுத்தித்தான் அவரைக் கூப்பிடுவார். முன்னறையில் இருக்கும் பெட்டி ஒலிக்கும். அந்த அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

"ரிப்பேர் வேணாம் ஹில்டாம்மா. அன்னிக்கி இது அட்ச்சிச்சா இல்லியா, அத மட்டும் பாத்துச் சொல்லு. காலைல காப்பிக்கு அட்ச்சிச்சு. மத்தியானம் தெரில."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் கண்ணசந்திருக்கிறார். எழுந்துபோய்ப் பார்த்தால் அந்த அம்மா மூச்சு முட்டிப் போய்விட்டிருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மகள் கீதா, "எங்கப்பா தூங்கிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எனக்கே தெரிலம்மா, தூங்கிட்டனோ இன்னாவோ."

மூடியைக் கழற்றி லென்ஸ் விளக்குக்கு அடியில் வைத்தேன். பட்டனின் கம்பிக் காலை ஈயம் உருக்கி சால்டர் வைக்க போர்டில் சின்னதாகச் செம்புத் தகடு இருக்கும். பேட் என்போம். அது ஸ்டிக்கர் பொட்டு மாதிரி உரிந்து பட்டன் காலோடு ஆடிக்கொண்டிருந்தது. அடியில் மஞ்சள் பூத்த பசை. அந்தப் பசை நான் போட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதற்குப் பட்டன் மாற்றியவள் நான்தான். "அவ தனியா கீறாம்மா, சீக்கிரம்" என்று இவர் நின்றார். பத்து நிமிஷத்தில் தருகிறேன் என்று எனக்கும் திமிர். சால்டரிங் அயர்னைக் கூடுதலாக இரண்டு நொடி வைத்துவிட்டேன், பேட் தூக்கிக்கொண்டது. போர்டின் பூச்சைச் சுரண்டி, மெல்லிய கம்பி இழுத்துச் சரிசெய்வதுதான் முறை. அரை மணி நேர வேலை. நான் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு அமுக்கினேன். அழுத்திப் பார்த்தேன், அடித்தது. கொடுத்துவிட்டேன். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் சால்டர் வைத்தவள் நான். இதே காரியம் செய்த ஒரு பெண்ணை லைனில் எல்லார் முன்னாலும் கிழித்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பெல் நன்றாகத்தான் இருந்தது, இப்போது கீழே விழுந்து உடைந்திருக்கும் என்று சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இந்த மனுஷன் சாகும்வரை தூங்கினவராகவே இருப்பார். அப்படிப் பொய் சொல்ல நினைத்ததற்கே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடிக்கல ஐயா," என்றேன். "போன வாட்டி நான் சரியா செய்யல. பசை போட்டு ஒட்டிக் கொடுத்துட்டேன். அது பேந்துடுச்சு. நீங்க முழிச்சுக்கிட்டு இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. தப்பு என்னோடது. கீதாகிட்ட நானே வந்து சொல்றேன்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் பெருமூச்சு விட்டு, "அப்ப நா தூங்குனதால இல்ல," என்றார். இரண்டு தரம் அதையே சொன்னார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதோடு போர்டை மூடியிருக்க வேண்டும். புத்தி கெட்டவள், லென்ஸ் விளக்குக்கு அடியிலேயே விட்டிருந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது இன்னாம்மா, கோடு கோடா கீது?"

பேட் பெயர்ந்த பிறகு ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் அந்தக் கால் நகர்ந்து போர்டின் பச்சைப் பூச்சைச் சிராய்க்கும். ஒரு அழுத்துக்கு ஒரு கோடு. காலையில் அடித்த பெல் மத்தியானம் அடிக்கவில்லை என்று அதை வைத்துத்தான் நானே கண்டுபிடித்தேன். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"அது பழசு ஐயா," என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

அவர் சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனார். பதினைந்தோ பதினாறோ இருக்கும். அதற்குமேல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெறும் வெள்ளையாக இருந்தது. நகம் அங்கே நின்றுவிட்டது.

"கூப்ட்டுக்கினே இருந்துகீறாம்மா," என்றார்.