திங்கட்கிழமை முத்திரை

முத்திரையாருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு பெருமைதான். தலைமைச் செயலகத்தின் தபால் பிரிவில் அவர் உட்கார்ந்திருந்த இருபத்தொன்பது வருடமும் ஒரு காகிதம்கூடத் தாமதமானதில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியும் ரொம்ப எளிது. சனிக்கிழமை மாலை நாலு மணி தாண்டி வருகிற எந்தத் தபாலுக்கும் திங்கட்கிழமைத் தேதியைக் குத்திவிடுவார். சனிக்கிழமைத் தேதி குத்தினால், திங்களன்று மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ரெண்டு நாளா இது எங்க படுத்துத் தூங்கிச்சு?" என்று கேட்பார். திங்கள் தேதி என்றால் காகிதம் அப்போதுதான் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். கேள்வியும் கிடையாது, பதிலும் தேவையில்லை. இந்த வழக்கத்தை ஓர் அட்டையில் முத்துமுத்தாக எழுதிச் சுவரில் மாட்டியதும் அவரேதான். அவருடைய அசல் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் முத்திரையார்.

"நான் யாருக்கும் கெடுதல் செஞ்சதில்ல. அதுக்கெல்லாம் ஒரு துணிச்சல் வேணும்" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். வீட்டிலும் சிரிப்பார்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், போன போரின் நாலாவது வருடத்தில், ஒரு சனிக்கிழமை நாலு பத்துக்கு ஒருவன் வந்தான். போரில் எந்தப் பக்கமும் சேராத ஒரு நாட்டின் தூதரக ஊழியன். வேர்த்து விறுவிறுத்து, அரக்கு வைத்த உறையை இரண்டு கையாலும் நீட்டினான்.

"ஐயா, ரொம்ப அவசரம். இப்பவே மேல போகணும்."

முத்திரையார் ஏற்கெனவே பேனாவை மூடியிருந்தார். "அவசரம்னா நாலு மணிக்குள்ள வந்திருக்கணும்" என்றார். தேதிச் சக்கரத்தைத் திங்களுக்குத் திருப்பினார், ஒரு தட்டு. உறை இரும்பு அலமாரிக்குள் போயிற்று. அந்த ஆள் மூடிய அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, எதற்கென்றே தெரியாமல் "நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்குப் போனதும் முத்திரையார், "ஒரு தூதரகத்துக்காரனால பஸ்ஸ விட்டுட்டேன்" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எதிரியின் துறைமுக நகரத்தில் குண்டு விழுந்தது. அப்படி ஒரு குண்டு அதற்குமுன் எங்கேயும் விழுந்ததில்லை. எண்பதாயிரம் பேர் என்றார்கள். பிறகு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்கள். திங்கள் காலை பத்தரைக்கு உறை முறைப்படி மேலே போனது. உள்ளே இருந்தது எதிரியின் சமாதானக் கடிதம். செவ்வாய்க்கிழமை செய்தித்தாளில் முதல் பக்கத்தில் கடிதத்தின் படம், வலது மூலையில் வட்டமாக அவருடைய முத்திரை. ஞாயிறு குண்டு, திங்கள் பணிவு. போர் முடிந்தது.

பெருமையோடு பேப்பரைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார். அவள் முத்திரையை உற்றுப் பார்த்தாள். "சனிக்கிழமை பஸ்ஸ விட்டீங்களே, அந்தக் கடுதாசியா இது?"

அவர் பேப்பரை வாங்கி நாலாக மடித்தார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. நாலு வருடத்துக்கு முன் கண்ணை மூடும்வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எதிரி நாட்டு மந்திரி விசாரணையில், நாங்கள் வெள்ளிக்கிழமையே எழுதினோம், கடிதத்திலேயே தேதி இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டார். முன்தேதி போட்டு மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று ஊரே கைகொட்டிச் சிரித்தது. தூதரக ஊழியன் சொன்னதையும் யாரும் நம்பவில்லை. முத்திரை சொல்வதைத்தானே நம்ப முடியும். எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அந்தப் படம் வந்தபோது, மகள் வகுப்பில் எழுந்து நின்று, "இது எங்கப்பா குத்துன சீல்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கி வந்தாள். முத்திரையார் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

எல்லாம் அப்படியே ஆறிப்போயிருக்கும். ஆனால் அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த இப்போது மறுபடியும் போர், வேறு எதிரி. பத்தொன்பது மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. மருமகன் எல்லையில் இருந்தார். வியாழன்தோறும் வந்துகொண்டிருந்த கடிதம் மூன்று வாரமாக வரவில்லை. மகள் பெட்டி படுக்கையோடு அப்பா வீட்டுக்கு வந்து, ரேடியோவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதிலேயே குடியிருந்தாள். வீட்டில் இன்னொரு ஆள் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. போன போர் முடிந்ததும் கண்ணிவெடி எடுக்கப் போய் இடது கையை முழங்கையோடு கொடுத்துவிட்டு வந்தவன். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. "ஒரு கையும் முப்பத்திரண்டு பல்லும் போதும் இந்த உத்தியோகத்துக்கு" என்பான்.

அந்த வாரம் முழுக்க ரேடியோவில் ஒரே பேச்சு. போன தடவை ஒரே குண்டு, இருபத்துநாலே மணி நேரத்தில் எதிரி காலில் விழுந்தான். இந்தத் தடவையும் போட்டால் லட்சம் வீரர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அமைச்சரவை கூடி முடிவெடுக்கும்.

"போட்டுத் தொலைக்கட்டும்பா" என்றாள் மகள். "அவரு வந்தாப் போதும்."

முத்திரையார் தொண்டையைச் செருமினார். "அங்கயும் ஒரு பொண்ணு இப்படி ரேடியோ முன்னாடி உக்காந்திருப்பாம்மா."

"இருக்கட்டும். அவளுக்காக அவ அப்பா பேசட்டும்."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு மனு எழுதினார். இருபத்தொன்பது வருடம் அடுத்தவர் எழுதியதற்கு முத்திரை குத்தியவர் சொந்தமாக எழுதிய முதல் காகிதம் அதுதான். எட்டு வரி. அந்தக் கடிதம் வந்தது குண்டுக்கு முந்தின நாள். தேதி நான் குத்தியது, வழக்கப்படி குத்தியது. குண்டைப் பார்த்து எழுதிய கடிதம் அல்ல அது. ஆகவே அதை உதாரணமாகக் காட்ட வேண்டாம். கடைசி வரியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று எழுதும்போது மட்டும் யோசிக்கவில்லை, பழக்கம்.

உறையில் போடுவதற்குள் மச்சான் வந்து எடுத்துப் படித்துவிட்டான். ஒரு தடவை படித்தான். பிறகு முதலிலிருந்து படித்தான்.

"நிஜமா அத்தான்?"

"நிஜம்தான் மச்சான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"ஒங்க அக்காவுக்குத் தெரியாதது எது?"

மச்சான் சிரிக்கப் பார்த்தான்; வரவில்லை. மெதுவாக உட்கார்ந்தான். "அந்த மாசம் நாங்க கரையிறங்கறதா இருந்துச்சு. எங்க படகுல நாப்பது பேரு. குண்டு விழலன்னா நாப்பதும் மீனுக்குத்தான்னு சொன்னாங்க. எண்பதாயிரம் பேரு செத்துத்தான் நான் இருக்கேன்னு இத்தனை வருஷமா மனசத் தேத்திக்கிட்டு வர்றேன். அது ஒண்ணும் நல்ல கணக்கு இல்ல அத்தான். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப நீங்க வந்து, அவங்க செத்தது சும்மாங்கிறீங்க. ஒங்க நாலு மணி வழக்கத்துக்காகங்கிறீங்க."

"அன்னிக்கே மேல போயிருந்தாலும் அவங்க குண்டப் போட்டிருக்கலாம் மச்சான். விமானம் தயாரா நின்னிருக்கும்."

"போட்டிருக்கலாம். அப்ப அது அவங்க பாவம். அவங்க படிச்சிட்டுப் போட்டிருக்கட்டுமே. நீங்க எதுக்கு நடுவுல அலமாரியப் பூட்டினீங்க?"

மச்சான் காகிதத்தை மடிக்க முயன்றான். ஒரு கையால் நேராக மடிக்க வரவில்லை. கோணலாக மடிந்ததை அப்படியே அவர் சட்டைப் பையில் செருகினான்.

"போங்க. நாலு மணிக்குள்ள போங்க. ஒங்க ஆபீஸ் சட்டம் ஒங்களுக்கே தெரியும்."

"இவ கிட்ட...?"

"நான் சொல்ல மாட்டேன். அவ புருஷன் வராமப் போனா நீங்களே சொல்லிக்கங்க."

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவர் பஸ் ஏறினார்.

தபால் பிரிவுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. அதே மேசை, அதே இரும்பு அலமாரி, அதே அட்டை. ஓரம் மட்டும் பழுத்திருந்தது. குமாஸ்தா அவரிடம் வேலை பழகியவன். பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"சார், வாங்க சார். கனவா நனவா? உக்காருங்க, டீ சொல்றேன்."

"வேணாம்ப்பா, ஒரு காகிதம்..."

"காகிதம் எங்கேயும் ஓடாது சார். மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். கொடுக்க ஒரு நிமிடம் போதும். இருபது நிமிடம் இருந்தது. குமாஸ்தா முழங்கால் வலியை விசாரித்தான். யார் யாருக்குப் பதவி உயர்ந்தது, யார் யாருக்கு ரத்த அழுத்தம் உயர்ந்தது என்று சொன்னான். டீ வந்தது. மூன்று ஐம்பது. ஆறட்டும் என்று காத்திருந்தார். வரும்போதே ஆறித்தான் வந்திருந்தது.

சட்டைப் பையில் காகிதத்தின் முனை நெஞ்சைக் குத்தியது. இப்போது எடுத்து நீட்டினால் இன்றைய தேதி. இன்று மாலையே மேலே போகும். நாளைக் காலை பத்து மணிக்கு முன் யாராவது ஒரு மந்திரி படிப்பார். படித்துவிட்டு ஒருவேளை குண்டு வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் போர் இன்னும் இழுக்கும். இழுத்தால் மருமகன்... மூன்று வாரமாகக் கடிதம் இல்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கை பைக்குள் போயிற்று. அவளுக்காக அவ அப்பா பேசட்டும். மகள் சொன்னது காதுக்குள் கேட்டது. தான் யாருக்கு அப்பா என்று அவருக்கு ஒரு கணம் குழம்பிப்போனது. கை வெளியே வந்து டீ டம்ளரை எடுத்தது. அடியில் கொஞ்சம் இருந்தது. அதை மூன்று வாயாகக் குடித்தார். ஆயுளில் அவர் எதையும் அவ்வளவு நிதானமாகக் குடித்ததில்லை.

நாலு ஆறுக்குக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கொடுத்தாரா என்று யாராவது கேட்டால், கொடுத்தார். நேரில் போய்த் தன் கையால் கொடுத்தார்.

குமாஸ்தா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படித்தான் அவர் பழக்கியிருந்தார். தபால் பிரிவுக்கு முகவரிதான் முக்கியம், சங்கதி அல்ல. கடிகாரத்தைப் பார்த்தான். தேதிச் சக்கரத்தைத் திருப்பினான். ஒரு தட்டு.

அந்தச் சத்தத்தை அவர் ஆயிரக்கணக்கான தடவை எழுப்பியிருக்கிறார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை. என்ன நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து குமாஸ்தாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"இன்னிக்குத் தேதி போடுப்பா."

குமாஸ்தா சிரித்தான். "சோதிச்சுப் பாக்குறீங்களா சார்? நாங்கெல்லாம் ஒங்க தயாரிப்பு."

"இல்லப்பா. நிஜமாத்தான் சொல்றேன். இது அவசரம்."

"அவசரம்னா..." என்று குமாஸ்தா ஆரம்பித்து, மரியாதைக்காக நிறுத்திக்கொண்டு, சுவரில் இருந்த அட்டையைக் கண்ணால் காட்டினான். அட்டையில் அவருடைய கையெழுத்து இருபது வருடத்துக்கு மேலாகியும் மசி மங்காமல் இருந்தது. "ஒங்களுக்காக மாத்தலாம் சார். ஆனா திங்கக்கிழமை மேல கேப்பாங்க, ரெண்டு நாளா எங்க தூங்கிச்சுன்னு. என்ன சொல்றது?"

பிடித்திருந்த கையை விட்டார். அவன் மேலே இருப்பவர்களை எழுப்ப மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவரும் எழுப்பியிருக்க மாட்டார், எழுப்பவில்லையே. காகிதம் அலமாரிக்குள் போயிற்று. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. குமாஸ்தா ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்தான், அதிலும் திங்கட்கிழமை.

"நன்றி" என்றார் முத்திரையார். சொன்ன பிறகுதான், இதே இடத்தில் நின்று, இதே குரலில், இதே வார்த்தையைச் சொன்னவன் நினைவுக்கு வந்தான். அந்த ஆள் நிஜமாகவே ஓடி வந்திருந்தான். டீ குடிக்கவில்லை.

வீட்டில் மகள் ரேடியோ முன்னால் அதே நாற்காலியில் இருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "எங்கப்பா போயிட்ட?"

"ஆபீஸுக்கு. ஒரு காகிதம் குடுக்க வேண்டியிருந்துச்சு."

"குடுத்தாச்சா?"

"ஆச்சு. திங்கக்கிழமை குடுத்துட்டேன்."

"இன்னிக்குச் சனிக்கிழமைப்பா" என்றாள் அவள். அப்பாவுக்கு வயதாகிறது என்று நினைத்திருப்பாள். குரல் கொஞ்சம் கனிந்திருந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மச்சான் அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து, இருந்த ஒரு கையால் ரேடியோவை அணைத்தான்.

மகள் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு ரேடியோவை மறுபடியும் போட்டாள்.