ஊருக்கு ஒரே மைக் செட்

‘தலைமறைவு’ என்று எழுதிய தாளைச் சுகன்யா என் மேசையில் வைத்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் கணவர் மோகன்குமார் அகரத்தில் மைக் செட் கட்டிய ஆட்டோ ஓட்டுகிறவர். இழவுச் செய்தி, கண் சிகிச்சை முகாம், தண்ணீர் வராத நாள் எல்லாமே அவர் குரலில்தான் ஊருக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாகவே தினமும் கத்திக்கொண்டு போவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

திருவிழாவில் ஒலிபெருக்கிச் சத்தத்தால் வந்த கைகலப்பில் அவர் மேல் ஒரு வழக்கு இருந்தது. சம்மன் அவர் கைக்கு வரவே இல்லை. அடுத்து வந்த பிடிவாரண்டையும் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று போலீஸார் திருப்பிவிட்டார்கள். பிறகு கோர்ட் கொடுத்த அறிவிப்பை ஊரில் படித்தும் அவர் வரவில்லை என்று எழுதி, இப்போது அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவிக்கக் கேட்டிருந்தார்கள். அறிவித்துவிட்டால் ஆட்டோவை ஜப்தி செய்யலாம்.

“ஆட்டோ போச்சுன்னா சோத்துக்கு வழியில்ல வக்கீலம்மா. நத்தத்துல தம்பி வீட்டுக்குப் போயிரவான்னு கேக்குறாரு.”

“போனா அவங்க எழுதுனது நெசமாயிரும். நாளைக்கு எங்கூட கோர்ட்டுக்கு வரச் சொல்லு.”

“உள்ள வச்சுட்டா?”

“வச்சா வெளிய எடுப்பேன். ஓட மட்டும் விடமாட்டேன்.”

ஒருவரைத் தலைமறைவு என்று சொல்வதற்குச் சட்டம் நிறைய நிபந்தனை வைத்திருக்கிறது. அவர் வேண்டுமென்றே ஒளிகிறார் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். அறிவிப்பை அவர் ஊரில் நாலு பேர் காதில் விழப் படிக்க வேண்டும், வீட்டில் ஒட்ட வேண்டும், ஆஜராக முப்பது நாளாவது கொடுக்க வேண்டும். போலீஸ் அறிக்கையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ‘அகரத்தில் ஒலிபெருக்கி மூலம் படிக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் மோகன்குமாரைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். அறிக்கை எழுதிய ஏட்டு நாச்சிமுத்து கூண்டில் ஏறினார்.

“எந்த மைக்குல படிச்சீங்க ஏட்டையா?”

“ஊர் மைக்குலதான்.”

“ஊருல எத்தனை மைக் செட் இருக்கு?”

“ஒண்ணுதான்.” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கைக்குட்டையை எடுத்தார்.

“அது யாருது?”

ஏட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீதிபதி தலையை நிமிர்த்தினார். “கேக்குறாங்கல்ல, சொல்லுங்க.”

பின்னால் மோகன்குமார் எழுந்தார். தெருவில் பழகிய அதே குரல்.

“என்னோடதுதாம்மா.”

“அப்போ இந்த அறிவிப்பைப் படிச்சது நீங்களா?” என்று நீதிபதியம்மா கேட்டார்.

“இல்லம்மா. ஏட்டையா என்னையக் கூப்பிடவே இல்ல. கூப்பிட்டிருந்தா எம்பேர நானே படிச்சிட்டு, அப்பவே இங்க வந்து நின்னுருப்பேன்.”

நீதிபதி அறிக்கையை மூடி ஏட்டு பக்கம் தள்ளினார். தலைமறைவு மனு தள்ளுபடியானது, பிடிவாரண்டும் ரத்தானது. ஆட்டோ கோர்ட் வாசலிலேயே நின்றிருந்தது. சுகன்யா அதில் ஏறி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.