வீரபாண்டிக்குப் போன ஸ்பீக்கர்

கோட்டின் இடது கையை ஒருவழியாக நுழைத்துவிட்டார்கள். வலது கை மடங்கவில்லை. செல்லப்பாண்டி தம்பி பொன்னுராஜின் தோளைத் தூக்கிப் பிடித்திருந்தார். கோயில் உபதேசியார் மூச்சு வாங்கக் கையைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"முதுகுப் பக்கம் கிழிச்சு விட்டுருவோம். வேற வழியில்ல."

"கல்யாணத்துக்குத் தச்ச கோட்டுய்யா."

"முதுகை யாரு பாக்கப் போறா?"

இரண்டு பேரும் சுகிர்தத்தைப் பார்த்தார்கள். அவள் எழுந்து தையல் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். துணி கிழிபடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கோட்டு சுலபமாக ஏறிக்கொண்டது. பொன்னுராஜ் முன்பக்கம் மாப்பிள்ளை போலவே இருந்தார்.

அன்று விடிந்ததும் மனைவி சுகிர்தத்திடம் காப்பி கேட்டிருந்தார். அவள் ஆற்றி எடுத்துவருவதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டர் வந்து பார்த்து, இருதயம் என்றார். ஐம்பத்தொரு வயது. பிள்ளைகள் இல்லை. தேனி கடைவீதியில் முன்பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் வேலை பார்க்கும் அறை. இருபத்திரண்டு வருஷமாக அந்த மூன்றுக்குள்தான் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

சவப்பெட்டி வந்து கூடத்தில் வைத்ததும் சுகிர்தத்தைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அடக்கம் நாலு மணிக்கு. செல்லப்பாண்டியின் மனைவி சாராள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். சபைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். மே மாத வெயிலில் ஓட்டுக்கூரை தகித்தது.

பதினொரு மணி இருக்கும். சுருளியாண்டி மாலையோடு வந்தான். மெல்லிசைக் குழு வைத்திருப்பவன், கித்தார் வாசிப்பவன். கூட பாங்கோஸ் வாசிக்கும் சங்கிலி. சுருளியாண்டி மாலையைப் போட்டுவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு வாசல் நிலைக்குப் பக்கத்தில் செல்லப்பாண்டியிடம் போய் நின்றான். சுகிர்தத்துக்கு நாலடி தூரம்.

"அண்ணே, கேக்க நாக்கு கூசுது."

"சொல்லுப்பா."

"நம்ம கித்தார் ஸ்பீக்கர் கேபினெட்டு உள்ள இருக்கு. வேலை முடிஞ்சுருச்சு, வந்து எடுத்துக்கன்னு அண்ணன் சொல்லி விட்டிருந்தாக. இன்னைக்கு வீரபாண்டித் திருவிழாவுல நம்ம கச்சேரி. பெரியகுளம் போயி டிரம்ஸ்காரனை வேற ஏத்திட்டுத் திரும்பணும்."

"எடுத்துக்க. ஆனா பின்வாசல் வழியாக் கொண்டு போ. எழவு வீட்டுல இருந்து பாட்டுச் சாமான் போகுதுன்னு ஒருத்தன் பேசுவான்."

"பேசுறவன் எதுக்கும் பேசுவாண்ணே."

சங்கிலி சும்மா இருக்கமாட்டாமல் சொன்னான். "பழைய வால்வு ஆம்ப் நேத்துப் படுத்துருச்சுண்ணே. கம்பத்துல இருந்து புது டிரான்சிஸ்டர் ஆம்ப் எடுத்தாந்திருக்கோம். இத்தனூண்டுதான். ஆனா அண்ணன் பாத்த ஸ்பீக்கர்ல மாட்டுனா சும்மா முழங்கும்."

"ஏலே, மெதுவாப் பேசு," என்றான் சுருளியாண்டி.

சுகிர்தம் தலையை உயர்த்தினாள். யாரும் கவனிக்கவில்லை.

அந்த கேபினெட்டில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. மின்தடை இரண்டுக்கும் பதினாறு ஓம். பக்கவாட்டில் இணைத்திருந்ததால் சேர்ந்து எட்டு. ஒன்று கருகிப் போய் வந்தது. அதே அளவில் புதிது மதுரையில் நாலு கடை ஏறியும் கிடைக்கவில்லை. கிடைத்தவை எட்டு ஓம். பொன்னுராஜ் இரண்டையும் புதிதாகவே வாங்கி வந்து மேஜையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். ரெண்டு எட்டைப் பக்கத்துல பக்கத்துல கட்டுனா நாலு. ஒண்ணு பின்னால ஒண்ணாக் கட்டுனா பதினாறு. சுருளியாண்டியின் வால்வு ஆம்ப்ளிஃபயரின் முதுகில் நாலுக்கும் எட்டுக்கும் பதினாறுக்கும் தனித்தனியாக இடம் இருந்தது. அதனால் நாலு என்று முடிவு செய்தார். "இப்படிக் கட்டுனா ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பாடும்," என்றார்.

கட்டியது அவள். இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுங்கியது. டம்ளர் பிடிக்கலாம், ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் பிடிக்க முடியாது. மதுரையில் நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். கடைவீதியில் வேறு காரணம் பேசினார்கள். கோயிலில் காணிக்கைப் பையைக்கூட அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் வாங்குவார். மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இடம் காட்டுவார். அவள் ஈயம் வைப்பாள். மூன்று மணிக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் போய் உட்காருவார். பொன்னுராஜ் வைத்த ஈயம் முத்து மாதிரி இருக்கும் என்று போடிவரை பேச்சு.

வேலை முடிந்த ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டுவது அவர் வழக்கம். அதை மட்டும் அவரேதான் எழுதுவார். அவர் எழுத்து ஊருக்குத் தெரியும். கை கொஞ்சம் அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்து மொத்தமாக எழுதி வைப்பார். இந்த கேபினெட்டுக்கு எழுதவேண்டிய சீட்டு, நாலு ஓம், வால்வு ஆம்பில் மட்டும் மாட்டவும் என்பது, இன்று நாளை என்று தள்ளிப்போனது. தானே எழுதட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "நேர்ல சொல்லிக்கலாம். சுருளிதான வரப்போறான்," என்றிருந்தார்.

எட்டுக்குக் குறைந்தால் டிரான்சிஸ்டர் ஆம்ப் தாங்காது என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். மூணு பாட்டோ நாலு பாட்டோ முழங்கும். பிறகு கருகும். மேடையில், திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால். பொன்னுராஜ் கடைசியாகப் பார்த்த வேலை என்பார்கள். கைதான் நடுங்குமே, குடிகாரக் கை என்பார்கள். நாளைக்கு இந்தக் கூடத்தில் துக்கம் கேட்க வருகிறவர்களே அதைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கூப்பிட்டுச் சொல்லலாம். நாலடிதான். உங்களுக்கு எப்படி மதினி தெரியும் என்று அவன் கேட்பான், இத்தனை பேருக்கு முன்னால்.

சுகிர்தம் எழுந்தாள்.

"எங்கடி?" என்றாள் சாராள்.

"கொல்லைக்குப் போகணும்க்கா."

பாடிக்கொண்டிருந்த ஒரு கிழவி பாட்டை நிறுத்தாமலே தலையை ஆட்டினாள், வரி முடிந்ததும் சொன்னாள்: "மூடுற வரைக்கும் தலைமாட்டை விட்டு எந்திரிக்கப்படாதும்மா. அவசரம்னா ஆளோட போ."

சாராள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். நடை கடந்ததும் சுகிர்தம் கையை விடுவித்துக்கொண்டு வலதுபக்கம் வேலை அறைக்குத் திரும்பினாள்.

"கொல்லை அங்கனல்ல இருக்கு! இங்கன எதுக்குடி போற?"

"அஞ்சு நிமிஷம்க்கா. வாசல்ல நில்லுங்க. பெரியவுக வந்தா இருமுங்க."

"கிறுக்குப் பிடிச்சுருச்சா உனக்கு?" என்றாள் சாராள். ஆனால் நின்றாள்.

உள்ளே சுருளியாண்டியும் சங்கிலியும் கேபினெட்டை ஆளுக்கொரு பக்கம் தூக்கியிருந்தார்கள்.

"கீழ வைங்க தம்பி."

அவர்கள் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் வந்து நிற்கவேண்டிய இடம் அது அல்ல.

"சங்கிலி, நீ போயி வண்டியப் பின்வாசலுக்குக் கொண்டா."

அவன் போனதும் அவள் சூட்டுக்கோலை பிளக்கில் சொருகினாள். திருப்புளி எடுத்து கேபினெட்டின் பின்பலகையில் இருந்த எட்டுத் திருகாணிகளையும் கழற்றினாள்.

"மதினி, இப்பப் போயி..."

"அவுக சொல்லியிருந்தாக. இது நாலு ஓமா இருக்கு. டிரான்சிஸ்டர்ல மாட்டுனா ஆம்ப் எரிஞ்சுபோகும். மாத்திக் குடுக்கணும்னு சொன்னாக."

"எப்பச் சொன்னாரு? டிரான்சிஸ்டர் எடுத்தாந்ததே இன்னைக்குக் காலைலதான்."

அவள் சூட்டுக்கோலின் நுனியைப் பேஸ்டில் தொட்டாள். சுர்ரென்று புகை எழுந்தது. ஸ்பீக்கர்களை இணைத்த இரண்டு வயர்களையும் உருக்கி எடுத்தாள். சாக்கெட்டிலிருந்து வந்த மைனஸை முதல் ஸ்பீக்கரிலிருந்து பிரித்து இரண்டாவதற்குக் கொண்டுபோனாள். ஒரு துண்டு வயரை அளந்து வெட்டி, நுனியைப் பல்லால் சீவி, முதலாவதன் மைனஸுக்கும் இரண்டாவதன் ப்ளஸுக்கும் நடுவில் வைத்தாள். ஈயம் உருண்டு நின்றது. ஊதவில்லை; எண்ணுவதுபோலக் கொஞ்சம் பொறுத்து விரலை எடுத்தாள்.

சுருளியாண்டி குனிந்து பார்த்தான். அவள் தொடாமல் விட்ட பழைய ஈயம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அதையும் பார்த்தான். அவன் வீட்டில் இருந்த ரேடியோவை, மைக்கை, போன தீபாவளிக்குப் பார்த்துக் கொடுத்த கித்தாரின் பிக்கப்பை, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறவன்போல நெற்றியைச் சுருக்கினான்.

"எத்தனை நாளா மதினி?"

"அந்த டார்ச் பேட்டரிய எடுங்க."

எடுத்துக் கொடுத்தான். அவள் வயரின் முனைகளை பேட்டரியில் தொட்டாள். இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றன. விட்டதும் உள்ளே போயின. மறுபடி தொட்டாள். சரியாக இருந்தது.

"சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். அதுக்காக ஆம்பை முழுசாத் திருகி வைக்காதீக. இப்ப ஒண்ணு போனா ரெண்டும் சேந்து நின்னுரும், அதையும் மனசுல வச்சுக்கங்க. ஆனா ஆம்ப் எரியாது."

"அவுக இடம் காட்டுவாகளோ?" என்றான் அவன் மெல்ல.

அவள் பின்பலகையை வைத்து முதல் திருகாணியை முடுக்கினாள். வாசலில் சாராள் இருமினாள். நிஜமாகவே சளி பிடித்தவள்போல இன்னொரு தடவையும் இருமினாள்.

சுருளியாண்டி எட்டி அவள் கையிலிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டான். சூட்டுக்கோலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். செல்லப்பாண்டி உள்ளே வந்தார்.

"என்ன நடக்குது இங்கன? சுகிர்தம், நீ ஏம்மா இங்க வந்த?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றான் சுருளியாண்டி. "ஒரு வயரு விட்டிருந்துச்சு. ஈயம் எங்கன இருக்குன்னு தெரியல, அதான் மதினியக் கேட்டேன். தப்புத்தான்."

"எழவு வீட்டுல வந்து ஈயம் கேட்டியா? அறிவு இருக்கா உனக்கு?"

"இல்லண்ணே."

"அவன் பாத்த வேலைலயா வயரு விட்டுப் போச்சு?"

"அண்ணன் வேலைல எதுவும் விடாது. நாங்க தூக்கும்போது இழுத்துப்புட்டோம்." அவன் தலையைத் தூக்காமல் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். "ஊருல எத்தனை பேரு பாத்தாலும் அவர் பாத்த மாதிரி வராதுண்ணே."

செல்லப்பாண்டிக்கு முகம் இளகியது. அறையைச் சுற்றிப் பார்த்தார். பலகைகளில் வால்வுகள், டிரான்ஸ்பார்மர்கள், பழைய ரேடியோக் கூடுகள். ஒவ்வொரு கூட்டின் முதுகிலும் தம்பியின் எழுத்து. "காரியம் முடிஞ்சதும் இதெல்லாம் ஆரையாவது பாத்துக் குடுத்துரணும்," என்றார். "சும்மா கெடந்து துருப்பிடிக்கும். இனி இதை யாரு தொடப்போறா?"

சுருளியாண்டியின் கை நின்றது. சுகிர்தத்தைப் பார்த்தான். அவள் மேஜைமேல் கிடந்த வயர்த் துணுக்குகளைத் திரட்டி முந்தானை ஓரத்தில் முடிந்துகொண்டாள்.

"வா," என்று சாராள் தோளைத் தொட்டாள். திரும்பி நடக்கும்போது காதருகே சொன்னாள், "உம்மேல புகை நாத்தம் அடிக்குது. போயி முகத்தைக் கழுவு முதல்ல." முகம் கழுவும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மொண்டு ஊற்றினாள். பிறகும் கேட்கவில்லை.

கிழவி தலைமாட்டில் அவள் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காலை நீட்டி வைத்திருந்தாள்.

நாலு மணிக்குப் போதகர் வந்தார். ஜெபத்துக்குப் பிறகு எல்லோரும் வரிசையாக முகம் பார்த்தார்கள். மூடினார்கள். சவ வண்டியில் ஏற்றினார்கள். கோயில் மணி ஒவ்வொன்றாக விழுந்தது. கடைவீதிக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். பெண்கள் வண்டிக்குப் பின்னால் பாடிக்கொண்டு நடந்தார்கள்; சுகிர்தம் சாராளின் கையைப் பிடித்தபடி முதல் வரிசையில் நடந்தாள்.

கல்லறைத் தோட்டம் ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம். அவர்கள் போனபோது கேட் போட்டிருந்தது. கேட்டை ஒட்டி முதலாவதாக நின்றது சுருளியாண்டியின் வேன். கூரையில் கட்டியிருந்த தார்ப்பாய்க்கு வெளியே கேபினெட்டின் ஒரு மூலை தெரிந்தது. மத்தியானமே கிளம்பிப் போயிருக்கவேண்டிய வண்டி. சவ வண்டி வருவதைப் பார்த்து டிரைவர் இன்ஜினை அணைத்தான். சுருளியாண்டியும் சங்கிலியும் குழுவில் மற்றவர்களும் இறங்கி ஓரமாகக் கைகட்டி நின்றார்கள்.

"நீ இன்னும் போகலையா?" என்றார் செல்லப்பாண்டி.

"எடுக்குறதுக்கு முன்னால போக மனசு வரலண்ணே."

போடி ரயில் சாவகாசமாக வந்தது. அது கடக்கும்வரை பாட்டு நின்றது. ஜன்னல்களில் இருந்தவர்கள் சவ வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கேட் தூக்கினார்கள்.

வேன் கிளம்பவில்லை. டிரைவர் மூன்று தடவை முயன்றான். அது இழுத்து இழுத்து அடங்கியது. பின்னால் சவ வண்டி, அதற்குப் பின்னால் அத்தனை சனம், அப்புறம் ஒரு மணல் லாரி. லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு, என்னவென்று தெரிந்ததும் விட்டுவிட்டான்.

"தள்ளுங்கப்பா," என்றார் செல்லப்பாண்டி.

உபதேசியார் பைபிளை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார். கடைவீதிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். செல்லப்பாண்டியே ஒரு மூலையில் தோள் கொடுத்தார். சுருளியாண்டி பக்கவாட்டில் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். தண்டவாளத்தில் வேன் ஒருமுறை ஏறி இறங்கியது. அந்தப் பக்கத்துச் சரிவில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

தள்ளியவர்கள் புகைக்கு நடுவில் கைகளைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். ஒருவருக்கு மூச்சிரைத்தது. உபதேசியார் பைபிளை வாங்கிக்கொண்டு, பாட்டை எந்த வரியில் விட்டோம் என்று பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

சுகிர்தம் சொன்னாள்.