துடைத்துவிட்ட தண்ணீர்

மணவாளன் சாருக்குப் பொறுமை என்பதே கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் சின்ன மருந்து ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவர். மண்ணூர்பேட்டைக்காரர். புரதத்தின் எக்ஸ்ரே வடிவம் கணினிக்கு வந்ததும், அதில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் மருந்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். வேலை சீக்கிரம் முடியுமாம். நானும் அப்படியே செய்து தொலைத்தேன்.

நாங்கள் குறிவைத்தது, மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் ஒரு துணைப் புரதத்தை. புற்றுச் செல்கள் அதை நம்பித்தான் பிழைக்கின்றன. அதிலுள்ள குழியை அடைத்துவிட்டால் அவற்றின் கதை முடிந்தது. நாங்கள் வடிவமைத்த மருந்து, கணினியில், அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. எலிகளுக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் சார் அதை விழுங்க ஆரம்பித்துவிட்டார். நுரையீரலில் கட்டி, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அதையும் டீ குடித்துக்கொண்டே, ஏதோ சளி மாத்திரை போடுவதுபோலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மனசு கேட்கவில்லை. இன்று மதியம் அவர் சட்டத்தை மீறி, தண்ணீரைத் துடைக்காமல் கணினியில் மறுபடி பொருத்திப் பார்த்தேன். குழியின் அடியில் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அவை இருந்தால் மருந்து பாதிதான் நுழைகிறது. அந்தப் புரதத்துக்கு அதே குடும்பத்தில், அதே சாயலில் பங்காளிப் புரதம் ஒன்று உண்டு, அதிலும் போட்டுப் பார்த்தேன். மருந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டது. விழித்திரைக்கு அந்தப் பங்காளி இல்லாமல் ஆகாது.

ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன். வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டு, எவன் இதை இங்கே போட்டது என்று எரிந்து விழுந்தார். அது எப்போதும் அங்கேதான் கிடக்கும்.

“சார், இன்னிலேர்ந்து அந்த மருந்த நிறுத்துங்க. கண்ணு போயிடும்” என்றேன்.

“இன்னா கவி, பயம் காட்டிகினு கீறே? இருமல் கொறஞ்சிகீது, அத்த பாரு.”

“ஸ்கிரீன பாருங்க சார். அந்த ரெண்டு தண்ணி.”

கறுப்புத் திரையில் இரண்டையும் மிளகாய்ச் சிவப்பில், கோலிக்குண்டு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தேன். அவர் குனிந்தார். மூக்கு திரையில் முட்டும் வரை குனிந்தார்.

“எங்க கீது?” என்றார். வழக்கமான அதட்டல் அந்தக் குரலில் இல்லை.

நான் அவர் விரலைப் பிடித்து அவற்றில் ஒன்றின்மேல் வைத்தேன். அப்போதும் அவர் தேடிக்கொண்டுதான் இருந்தார்.