ரத்தத்தில் ஊறிய தமிழும் பூட்டிய புல்வெளியும்

கொரட்டூர் ஏரிக்கரையில் இருந்த எங்கள் கல்லூரியில் இங்கிலீஷுக்கு அறை உண்டு, கணக்குக்கு அறை உண்டு, செத்த தவளைகளுக்குக்கூடக் கண்ணாடி அலமாரியோடு ஓர் அறை உண்டு. தமிழுக்குப் புங்கமரத்தடி. தமிழ்ப் பண்டிதன் திருவேங்கடமாகிய நான் பதினோரு வருஷம் அங்கேதான் பாடம் நடத்தினேன். நிழல் இருந்ததே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

1937இல் முதல்வர் பரந்தாமன் மூன்று மாதம் சீமையில் இருந்துவிட்டு வந்தார். அங்கே மாணவர்கள் கூடிப் பேசப் புல்வெளி இருக்கிறதாம். உடனே மரத்தைச் சுற்றிப் புல் போட்டார், சிமெண்டு பெஞ்சு போட்டார், இரும்பு வேலி கட்டிப் பூட்டும் போட்டார். மாணவர்கள் உள்ளே வந்தால் புல் கெட்டுவிடுமாம்! அப்புறம் யார் கூடுவதற்கு ஐயா அது?

"தமிழ் வகுப்பை எங்கேங்க வெச்சுக்கிறது?" என்று கேட்டேன்.

"தமிழுக்கு எதுக்குய்யா இடம்? அது நம்ம ரத்தத்திலேயே ஊறியிருக்கு! கலெக்டர் துரை திறந்துவைக்க வர்றார். நல்லதா ஒரு வெண்பா பாடிடும்."

என் கழுத்தை அறுக்கிற கத்திக்கு நானே சாணை பிடிக்க வேண்டுமாம். புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்பார்கள். அந்த வெயிலில் வேலிக்கு வெளியே நின்று பாடம் கேட்ட இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.

ஒரு திட்டம் போட்டேன். வெண்பாவை முக்கால்வாசி பாடி, வாக்கியம் முடியாமலே நிறுத்துவது. "மிச்சம் எங்கே?" என்று முதல்வர் கேட்பார். "மரத்தடியைத் திருப்பித் தாருங்கள், பாடுகிறேன்" என்று சபையிலேயே கேட்டுவிடுவது. துரை முன்னால் அவரால் மறுக்க முடியாது.

விழாவில் பாடினேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தினேன். மேடையைப் பார்த்தேன். துரைக்குத் தமிழ் தெரியாது, போகட்டும். நம் முதல்வர்தான் முதலில் கைதட்டினார்! மேடை முழுக்கத் தட்டியது. "பிரமாதம்! நச்சுன்னு முடிச்சீர்!" என்று முதுகிலும் ஒரு தட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டு வாத்தியம் முழங்கிவிட்டது.

மறுநாள் அந்தப் பாட்டைச் சலவைக்கல்லில் வெட்டிக்கொண்டிருந்த கோவில்பதாகை ஊர்க் கல்தச்சர் சின்னசாமி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா வாத்யாரே, பாட்டு பாதியிலயே நிக்குது? நேத்தே கேட்டுகினுதான் இருந்தேன். மிச்சத்தச் சொல்லு, கீழ எடம் கீது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதல்வர் வந்தார்.

"அடடே, கீழே காலி இடமா? என் பேரையும் பட்டத்தையும் போட்டுடு."

சின்னசாமி வெட்டி முடித்தார். கல்தூளை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்பவும் பாட்டு முடியலியே, வாத்யாரே."

"விடுப்பா, மணி அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்ற பிள்ளைகளிடம் போனேன்.